கார்ல மெட்ராஸ் போறீங்களா? மொதல்ல வண்டிக்கு எடம் பாருங்க, ரூம் அப்புறம்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டின்னு நம்ம கடற்கரைப் பக்கத்துலேர்ந்து மெட்ராஸ் போறவங்க பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு, கல்யாண ஜவுளிக்கு, இல்ல வெளிநாடு போற ஆள ஏத்திவிட ஏர்போர்ட்டுக்குத்தான் போறாங்க. குடும்பத்தோட போறதால கார்தான் சௌகரியம்னு கெளம்பிருவாங்க. ரூம் புடிக்கறதுல எல்லாரும் கில்லாடி, ஆப்ப தொறந்து இருக்கறதுலயே கம்மி வெலைக்கு ஒண்ண போட்டுருவாங்க, ஆனா அந்த லாட்ஜு இருக்கற சந்துக்குள்ள இன்னோவா திரும்புமான்னு யாரும் பாக்கறதில்ல. வள்ளத்த ஓட்டிட்டு வர்றவரு நங்கூரம் எங்க போடப்போறோம்னு பாத்துட்டுத்தான கரைக்கு வருவாரு, அது மாதிரிதான் இதுவும். வண்டி நிக்க எடமில்லாத ரூம் எம்புட்டு கம்மியா இருந்தாலும் அது வெல ஜாஸ்தி ரூம்தான்.

புதுசா போறவங்களுக்காக வரிசையா சொல்றேன்.

மொதல் வேலை: கார் வேணுமான்னு கணக்கு போடுங்க

ராமநாதபுரத்துலேர்ந்து சென்னை சுமாரா 550 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 குடுக்கற வண்டின்னு வச்சாலும் ஒரு பக்கத்துக்கே 36, 37 லிட்டர் ஆயிரும், அதுக்கு மேல டோல். ரெண்டு பேர் போறதா இருந்தா கார எடுக்கவே எடுக்காதீங்க. சேது எக்ஸ்பிரஸ் இருக்கு, ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் இருக்கு, 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் தொறந்த அன்னைக்கே ஆரம்பிச்ச தாம்பரம் ரயிலும் இருக்கு, அது காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியா போகும். ஆனா இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் தொறக்குது, பழைய ஞாபகத்துல நாலு மாசம்னு நெனச்சுட்டு இருக்காதீங்க.

நாலஞ்சு பேரு, வயசானவங்க, நடக்க முடியாத பேஷண்ட்டு, இல்லன்னா மெட்ராஸ் சொந்தக்காரங்களுக்கு கருப்பட்டி தேங்கா கருவாடுன்னு டிக்கி நெறைய சாமான், இப்படி இருந்தா கார் சரி. (கருவாட்ட நல்லா டப்பாவுல அடைச்சு வைங்க, மூடுன காருக்குள்ள மெட்ராஸ் வெயில்ல ரெண்டு நாள் கெடந்தா திரும்பி வர்ற வழி பூரா கண்ணாடிய எறக்கிட்டுத்தான் வரணும்.)

ரெண்டாவது: வேலை எங்க, வண்டி எங்க நிக்கும்

இங்கதான் கொஞ்சம் நிதானமா பாக்கணும். வேலை எந்த ஏரியாவோ அங்கயே ரூம் போடணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. நம்ம ஆளுங்க போற எடத்துல பாதிக்கு மேல ஒரே ஒரு லோக்கல் ட்ரெயின் லைன்ல வந்துருது. தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும் ஓடுதே, அந்த லைன். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க், கோட்டை, பீச். ஜவுளி எடுக்கணுமா, மாம்பலத்துல எறங்குனா ரங்கநாதன் தெரு வாசல்லயே நிப்பீங்க, தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மேலயே நடந்து போற ஆகாய நடைபாதையும் 2023-ல தொறந்துட்டாங்க. சென்ட்ரலுக்கு எதுக்க உள்ள ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரிக்கு பார்க் ஸ்டேஷன். மண்ணடி, பர்மா பஜாருக்கு பீச் ஸ்டேஷன். கிரீம்ஸ் ரோடு அப்பல்லோவுக்குன்னா கிண்டில எறங்கி மெட்ரோ மாறி ஆயிரம் விளக்குல எறங்கணும். டிக்கெட்டு பத்து இருபது ரூபாக்குள்ள முடிஞ்சுரும், மெட்ரோன்னா கொஞ்சம் கூட.

அதனால திருச்சி, விழுப்புரம் வழியா ஜிஎஸ்டி ரோட்டுல (தாம்பரம் வழியா சிட்டிக்குள்ள போற மெயின் ரோடு, வரி இல்ல) வர்றவங்க பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் இந்தப் பக்கமே ரூம் போட்டு வண்டிய நிறுத்திட்டு ட்ரெயின்ல உள்ள போறதுதான் என்னோட யோசனை. ஏர்போர்ட்டும் அங்கிட்டே இருக்கு. தொண்டி, அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், பாண்டிச்சேரின்னு ஈசிஆர் (கிழக்கு கடற்கரைச் சாலை) புடிச்சு வர்றவங்க திருவான்மியூர்ல வந்து எறங்குவீங்க, அங்கிட்டு பறக்கும் ரயில் இருக்கு, திருவல்லிக்கேணி, சேப்பாக்கத்துக்கு அதுலயே போயிறலாம்.

எழும்பூர்ல கென்னட் லேன், காந்தி இர்வின் ரோடு பக்கம் லாட்ஜுங்க வரிசையா இருக்கும், ரயில்ல வர்றவங்களுக்கு அதவிட நல்ல எடம் கெடையாது, ஆனா காரோட போனா அவஸ்தை. ஸ்டேஷன மறுசீரமைப்பு பண்ற வேலையும் சேந்துக்கிட்டதால அந்தப் பக்கம் வண்டி விடற எடம் இன்னைக்கு இருக்கற மாதிரி நாளைக்கு இருக்காது. திருவல்லிக்கேணி மேன்ஷன் பேச்சிலர் ஆளுக்கு ஓகே, பைக்குக்கே அங்க அடிபுடி, சேப்பாக்கத்துல மேட்ச் இருக்கற அன்னைக்கு காரோட அந்தப் பக்கம் தலை வச்சே படுக்காதீங்க. மண்ணடியில நம்ம பக்கத்து ஆளுங்க நெறையப்பேரு கடை வச்சிருக்காங்க, சாச்சா வீடு மாமா வீடுன்னு படுக்க எடம் கெடைச்சுரும், வண்டிக்கு கெடைக்காது. அப்ப ஆளு மண்ணடியில, வண்டி தாம்பரத்துலன்னு பிரிச்சு வச்சுக்குங்க, ஒண்ணும் தப்பில்ல. வடபழனில லாட்ஜு நெறைய இருந்தாலும் ஆற்காடு ரோட்டுல மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை, எந்த ரோடு எப்ப அடைப்பாங்கன்னு சொல்ல முடியாது, கெளம்புற அன்னைக்கு மேப்ப ஒரு தடவை பாத்துக்குங்க.

ஒரு கணக்குக்கு வச்சுக்குங்க, சிட்டிக்கு உள்ள 900 ரூபாய்க்கு ரூம், வண்டிய தனியா காசு குடுத்து விட்டா நாளைக்கு 300, அங்கேர்ந்து லாட்ஜுக்கு போக வர ஆட்டோ 200, மொத்தம் 1,400 ஆச்சு. தாம்பரம் பக்கம் 1,300-க்கு காம்பவுண்டுக்குள்ள வண்டி நிக்கற ரூம் கெடைச்சா எது கம்மின்னு நீங்களே பாருங்க.

மூணாவது: போன் போட்டு கேக்கறது

ஆப்புல ஃப்ரீ பார்க்கிங்னு போட்டிருக்கறத அப்படியே நம்பாதீங்க. நேரா லாட்ஜு ரிசப்ஷனுக்கு போன் அடிங்க. பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, கார் இருக்கு, நிறுத்த எடம் இருக்கா?”

“தாராளமா நிறுத்தலாம் சார்.”

“எங்கண்ணே, காம்பவுண்டுக்குள்ளயா?”

“வாசல்லயே விடலாம் சார், ஒண்ணும் பயமில்ல, வாட்ச்மேன் இருக்காரு.”

வாசல்னா ரோடுன்னு அர்த்தம். போலீஸ்காரர் வந்து வீலுக்கு பூட்டு போட்டாலோ வண்டிய தூக்கிட்டு போனாலோ வாட்ச்மேன் ஒண்ணும் பண்ண முடியாது, அபராதம் நம்ம தலைல. அதனால இன்னும் நாலு கேள்வி கேட்டுருங்க. உள்ள எத்தன கார் நிக்கும், நம்ம வரும்போது எடமில்லன்னா என்ன பண்ணுவீங்க. காலைல அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி டோக்கனுக்கு வண்டி எடுக்கணும், பின்னாடி இன்னொரு வண்டி மறிச்சு நிக்குமா. சாவிய உங்ககிட்ட குடுக்கணுமா. பேஸ்மென்டா, அப்படின்னா எம்புட்டு உயரம், ஏன்னா மேல கேரியர் வச்ச வண்டியும் டெம்போ டிராவலரும் நெறைய பேஸ்மென்ட்டுக்குள்ள நொழையாது. சாவி குடுக்கறதா இருந்தா வண்டிய நாலு பக்கமும், கிலோமீட்டர் மீட்டரையும் போட்டோ எடுத்து வச்சுட்டு குடுங்க.

போன வச்சதும் கூகுள் மேப்புல ஸ்ட்ரீட் வியூ போட்டு அந்த சந்த ஒரு நடை நடந்து பாருங்க. ரெண்டு பக்கமும் பைக்கு நிக்கறது, கரண்டு கம்பம் எங்க இருக்கு, எதுக்க ஒரு வண்டி வந்தா ஒதுங்க முடியுமா எல்லாம் தெரிஞ்சுரும். இத செஞ்சா பாதி லாட்ஜு லிஸ்ட்லேர்ந்து தானா கழண்டுரும்.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் போறவங்க பேஸ்மென்ட் பார்க்கிங்க யோசிச்சு எடுங்க. நமக்கு கடல் தண்ணி பழக்கம்தான், ஆனா மெட்ராஸ்ல மழைத்தண்ணி வேற மாதிரி. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர்ல எத்தன காரு தண்ணிக்குள்ள மூழ்குச்சுன்னு டிவில பாத்திருப்பீங்க, அடுத்த வருசம் மழை வருதுன்னு சொன்ன ஒடனே வேளச்சேரி ஆளுங்க பாலத்து மேல கொண்டுபோய் வரிசையா வண்டிய நிறுத்திட்டாங்க. மழை எச்சரிக்கை இருந்தா வேளச்சேரிப் பக்கம் ரூமே வேணாம்.

நாலாவது: ரூம் வெல

ஆப்புல உள்ள வெலைய சொல்லிட்டு, நேரா வந்தா என்ன ரேட்டுன்னு கேளுங்க, நிறைய எடத்துல கொறைப்பாங்க. ரெண்டு நாள் மூணு நாள்னா இன்னும் பேசலாம். ஜிஎஸ்டி வரி சேத்தா சேக்காமலான்னு கேளுங்க, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம்தான், இன்னும் 12-ன்னு பில்லு போட்டா சொல்லி கொறைங்க.

செக் அவுட் எப்பன்னு கேக்காம காசு அனுப்பாதீங்க. 24 மணி நேர கணக்கு இருக்கற லாட்ஜுன்னா காலைல ஆறு மணிக்கு போய் எறங்குனா மறுநாள் ஆறு மணி வரைக்கும் ஒரு நாள். பகல் 12 மணி செக் அவுட்னா அதே ஆறு மணிக்கு போனவங்களுக்கு ஆறு மணி நேரத்துலயே ஒரு நாள் வாடகை போயிரும். ராத்திரி ஓட்டிட்டு விடியக்காலைல போய் சேர்ற நம்ம ஆளுங்களுக்கு 24 மணி நேர லாட்ஜுதான் சரி.

வயசானவங்க இருந்தா லிஃப்ட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டு, வெந்நீர் எத்தன மணிக்கு வரும், இது மூணும். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எம்புட்டுன்னும் கேட்டுக்குங்க. மொத்த காசையும் முன்னாடியே போன்ல அனுப்பச் சொன்னா விட்ருங்க, மேப்புல போலி நம்பர் போட்டு ஏமாத்தறவங்க இருக்காங்க.

வாடகை வண்டில டிரைவரோட போறீங்கன்னா அவருக்கும் படுக்க எடம் கேளுங்க. சில லாட்ஜுல டிரைவருக்குன்னு டார்மிட்டரி கட்டில் கம்மி காசுக்கு குடுப்பாங்க. 550 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்த மனுசன கொசுக்கடில வண்டிக்குள்ளயே படுக்க வச்சுட்டு மறுநாள் காலைல கிண்டி ட்ராஃபிக்ல ஓட்டச் சொல்றது அவருக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல.

ஆதார் எல்லாப் பெரியவங்களுக்கும் கொண்டு போங்க, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார எறக்கி பிரிண்ட் எடுத்துட்டா ஜெராக்ஸ் எங்க போகுமோங்கற பயம் இல்ல. இன்னொண்ணு, நம்ம பக்கத்துல பல குடும்பத்துக்கு சிலோன்ல சொந்தம் இருக்கும், அங்கேர்ந்து வந்தவங்கள கூட்டிட்டு போறீங்கன்னா முன்னாடியே சொல்லி ரூம் கேளுங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க தங்குனா லாட்ஜுக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள அந்த விவரத்த அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணணும், அந்த ஏற்பாடு இல்லாத லாட்ஜுல ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷன்லயே திருப்பி அனுப்பிருவாங்க.

அஞ்சாவது: போய் எறங்குனதும்

மொதல்ல வண்டிய நிறுத்தற எடத்த காட்டச் சொல்லுங்க, அப்புறம் ரூம், அப்புறம்தான் ரிஜிஸ்டர்ல கையெழுத்து. வண்டி நின்னதும் அத மறந்துருங்க. ஜவுளிக் கடைக்கு கார்ல போய் தி.நகர்ல சுத்தி சுத்தி வர்றதுக்கு ட்ரெயின்ல நின்னுட்டே போயிறலாம். கண்டிப்பா கார்லதான் போகணும்னா தணிகாசலம் ரோட்டுல மாநகராட்சியோட மல்டி லெவல் பார்க்கிங் இருக்கு, பாண்டி பஜாருக்கு பக்கம், ஞாயித்துக்கிழமையும் தீபாவளி சீசனும் தவிர முயற்சி பண்ணலாம்.

மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங் பகல்ல விட்டுட்டு போறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லா ஸ்டேஷன்லயும் காருக்கு எடம் இருக்காது, ராத்திரி விடணும்னா அங்க உள்ள ஆளக் கேட்டுட்டு விடுங்க. ஏர்போர்ட்டுல ஆள ஏத்திவிடப் போறவங்க அங்க உள்ள பார்க்கிங்ல மணிக்கணக்கா நிக்காதீங்க, மீட்டர் ஏறிட்டே இருக்கும். லக்கேஜ எறக்கிவிட்டுட்டு ஒருத்தர் வண்டிய லாட்ஜுல கொண்டு போய் போட்டுட்டு லோக்கல் ட்ரெயின்ல திரும்பி வந்துறலாம், ஏர்போர்ட்டுக்கு எதுக்கயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கு.

திரும்பி கெளம்பும்போது சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டுல மாட்டாதீங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு போறதுக்குள்ள பொழுது போயிரும். விடியக்காலை நாலு நாலரைக்கு எடுத்தா திருச்சில டிபன். கெளம்புறதுக்கு முன்னாடி ஃபாஸ்டாக்ல காசு இருக்கான்னு பாத்துருங்க, பேலன்ஸ் இல்லாம பரனூர் டோலுக்கு போனா யுபிஐல குடுத்தாலும் ஒண்ணேகால் மடங்கு.