எஞ்சின் கரியை வீட்டிலேயே எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி ரயில் நிலையம், வழியில் ஒரு கடை, திரும்ப வீடு. வேலூரில் பல கார்களின் ஒரு நாள் ஓட்டம் இவ்வளவுதான். எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். வெயிலுக்குப் பயந்து சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் ஏ.சி. போட்டபடி வண்டியை ஓடவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. இப்படி ஓடினால் கரி படியத்தான் செய்யும். அதை எடுக்க நினைப்பது சரிதான். எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்காமலே ஸ்ப்ரே டப்பாவைத் திறப்பதுதான் முதல் தவறு.

பிக்கப் குறைந்தாலே கரி என்று முடிவு கட்டாதீர்கள். பாலாற்றுப் புழுதியில் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், கிளட்ச் தேய்ந்திருந்தாலும் வண்டி இழுக்காது. பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக இருக்கிறது. காய்ந்த கரும்பொடி இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது எஞ்சின் சூடாகாமலே ஓடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால், ஆயில் உள்ளே எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில் எவ்வளவு கரியைச் சுரண்டினாலும் திரும்பப் படியும்.

அடுத்தது, உயிருக்கே ஆபத்தான தவறு. டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றுக்குழாயில் கார்ப் கிளீனரையோ பெட்ரோலையோ அடிக்கவே கூடாது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. எரியக்கூடியது எது உள்ளே போனாலும் அழுத்தத்தின் சூட்டில் தானே பற்றிக்கொள்ளும். அடித்த ஸ்ப்ரே எரிபொருளாகிவிட, வேகம் தன்னிச்சையாக ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். டீசல் வண்டியில் கரி சேரும் முக்கியமான இடம், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வும், காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டும். இரண்டையும் கழற்றி வெளியே வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றிப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். அதைக் கழற்றித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். அதற்கான விளக்கு எரிந்தால், வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். நமக்குப் பெங்களூரு சாலை பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிகொண்டா வரை நிற்காமல் போய் வந்தால் பெரும்பாலும் சூட்டிலேயே உள்ளே சேர்ந்த கரி எரிந்துவிடும்.

இன்டேக்கில் தண்ணீரை உறிஞ்சவிட்டால் கரி ஆவியில் உரிந்து வரும் என்று காட்டும் வீடியோக்களை நம்பிச் செய்யாதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அளவு கொஞ்சம் கூடினாலும் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

ஆயில் தொட்டியில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓடவிட்டு வடிக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகள் தேயும். அடியில் படிந்த கசடு கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். அப்புறம் எஞ்சினுக்கு ஆயிலே ஏறாது. குறித்த காலத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினாலே போதும்.

பெட்ரோலில் கலக்கும் கிளீனர் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேலே தெளிக்கப்படுவதால், பாலிஈதர்அமைன் என்ற கரி நீக்கும் வேதிப்பொருள் உள்ள நல்ல கிளீனர் வால்வையும் கழுவும். வென்யூ டர்போ, டைகுன், விர்ட்டஸ் போன்றவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அங்கே இன்ஜெக்டர் சுத்தமாகும், வால்வின் பின்பக்கக் கரியை அது தொடாது. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றியும் பயனில்லை.

பெட்ரோல் வண்டியில் வீட்டிலேயே துணிந்து செய்யக்கூடியது த்ராட்டில் பாடி, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் பாகம். எஞ்சின் ஆறியபின், திறந்த இடத்தில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். இப்போதைய கார்களில் அந்தத் தட்டை மோட்டார்தான் திருப்புகிறது. விரலால் பலமாகத் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் உடையலாம், சாவி ஆன் ஆகியிருந்தால் விரலே மாட்டிக்கொள்ளும். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம், பல த்ராட்டில் பாடிகளின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு உண்டு. அதற்குரிய கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். அதே டப்பாவால் காற்றளவு சென்சாரையும் அடித்துவிடாதீர்கள். அதன் இழை மிக நுண்ணியது, அதற்குத் தனி ஸ்ப்ரே இருக்கிறது.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், சற்று ஏறி இறங்கலாம். கரி போனதால் கூடும் காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் புதிதாகப் பழக வேண்டும். சில வண்டிகளில் அது தானாகச் சரியாகும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்துத்தான் பழக்க முடியும். செக் எஞ்சின் விளக்கு அணையாமலே இருந்தால், திரும்பவும் கழற்றாமல் ஸ்கேனர் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.