ரயிலும் படகும் விட்டுச்சென்ற வழி: பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு மிதிவண்டியில்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகரிலிருந்து தலைநகரான வாஷிங்டன் வரை, காடுகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் மலைகளும் வழியாக, கார்களுக்கும் லாரிகளுக்கும் அஞ்சாமல் ஏறத்தாழ 540 கி.மீ. மிதிவண்டியில் செல்ல முடியும். இதில் இரண்டு பாதைகள் உண்டு. கம்பர்லாண்ட் என்ற ஊரில் ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் சந்திக்கின்றன. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாண்ட் வரையுள்ள 240 கி.மீ. ‘கிரேட் அலெகெனி பாசேஜ்’ எனப்படுகிறது; அதன் பெரும்பகுதி கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மேல் அமைந்தது. அங்கிருந்து பொட்டோமாக் ஆற்றை ஒட்டி இறங்கும் 297 கி.மீ., செசபீக்–ஒஹாயோ கால்வாயில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த கரைப்பாதை. முன்னது ரயிலுக்காகவும் பின்னது படகுக்காகவும் போடப்பட்டவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தத் திசையில் செல்வது, எந்த டயரைப் போடுவது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் பாதையே விடை சொல்லிவிடும்.

முதலில் திசை. நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தை ஏற முடியாது என்பதால், ரயில் தடத்தை அமைத்தவர்கள் மனோங்கஹேலா, யாக்கியோகேனி, காசல்மன் ஆகிய ஆறுகளின் ஓரமாகவே மலைக்குள் நுழைந்தார்கள். அதனால் பிட்ஸ்பர்க்கிலிருந்து வருபவர் 200 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தை, ஏறுகிறோம் என்ற உணர்வே இல்லாமல் ஏறிவிடுகிறார். கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர்தான் கணக்கு. கடல்மட்டத்திலிருந்து 729 மீட்டர் உயரத்தில், ஒரு பக்கத்து மழைநீர் மெக்சிகோ வளைகுடாவுக்கும் மறு பக்கத்து நீர் அட்லாண்டிக் கடலுக்கும் பிரிந்து செல்லும் மேட்டு முகடு வருகிறது. அதைக் கடந்தபின் கம்பர்லாண்ட் வரையுள்ள சுமார் 38 கி.மீ. முழுவதும் இறக்கம். எதிர்த்திசையில் வருபவருக்கோ அந்த 38 கி.மீ. இடைவிடாத ஏற்றம். இரண்டு பாதைகளிலும் கல்கள் காட்டும் மைல் எண்கள் வாஷிங்டனை நோக்கி இறங்குவரிசையிலேயே குறைந்து வருகின்றன. முதல்முறை செல்பவர்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்படுவதே சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது காலம். முகட்டைத் தாண்டியதும் வரும் பிக் சாவேஜ் சுரங்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. உறைபனியால் உள்சுவர் சேதமடையாமலிருக்க, குளிர்காலத்தில் இதன் கதவுகளை மூடிவிடுகிறார்கள். அருகில் எளிதான மாற்றுவழி எதுவும் இல்லை. ஏப்ரலில் சுரங்கம் திறந்தாலும் கால்வாய்க் கரை ஈரம் காயாமல் சொதசொதவென்று கிடக்கும். மே பிற்பகுதி முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் ஏற்ற பருவங்கள். இலைகள் நிறம் மாறும் அக்டோபரில் காடு பேரழகு கொண்டிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உதிர்ந்த இலைகள் கல்லையும் வேரையும் மூடிவிடுவதால் அப்போது வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, ரயில் தடப் பகுதியை மட்டும் கருதினால் சாதாரண சைக்கிளே போதும். நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பொடியைக் கெட்டியாக இறுக்கிப் போட்டிருப்பதால் சக்கரம் இதமாக உருளும். கால்வாய்க் கரையோ மண்ணும் கல்லும் வேரும் கலந்தது. அண்மைக் காலத்தில் பல பகுதிகளில் கல்பொடி போட்டுச் சீரமைத்திருக்கிறார்கள் என்றாலும், மழை பெய்தால் குழியெல்லாம் குட்டையாகிவிடும். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மோசமான பாதியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். டயர் 40 மி.மீ. அகலமாவது இருக்கட்டும், காற்றைச் சற்றுக் குறைவாக வையுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி அவசியம். இந்த இடைவெளியின் அருமையை நான் ஒரு மழைநாளில்தான் கற்றுக்கொண்டேன். களிமண்ணும் கல்பொடியும் சேர்ந்து மட்கார்டுக்குள் அடையாக அப்பிக்கொண்டு பின்சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துவிட்டன. குச்சியால் சுரண்டுவதும் நூறடி நகர்வதும் மீண்டும் சுரண்டுவதுமாக இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அன்று மாலை செயினைத் துடைத்தபோது துணியில் வந்த மணலைப் பார்த்தபின், எண்ணெய்ப் புட்டியும் பழைய துணியும் இல்லாமல் நான் புறப்படுவதில்லை.

பொதுவாக ஆறு அல்லது ஏழு நாட்களில் பயணத்தை முடிக்கலாம். முதல் நாள் வெஸ்ட் நியூட்டனில் (58 கி.மீ.) நிறுத்திக்கொள்வது உடலுக்கு நல்லது. இரண்டாம் நாள் ஒஹாயோபைல் வருகிறது. யாக்கியோகேனி ஆறு இங்கே குதிரை லாட வடிவில் வளைவதால், பாதை உயரமான பாலங்களின் வழியே அதை இருமுறை கடக்கிறது. பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள். பாறைகளுக்கிடையே நுரைத்தோடும் நீரில் ரப்பர் படகுகள் சுழன்று செல்வது தெரியும். அவசரமில்லாதவர்கள் இந்த ஊரிலேயே தங்கலாம். அல்லது மூன்று நீரோட்டங்கள் கூடும் கான்ஃப்ளூயன்ஸ் வரை இன்னும் 17 கி.மீ. செல்லலாம். மூன்றாம் நாள் மேயர்ஸ்டேலுக்கு முன்னால் 580 மீட்டர் நீளமுள்ள சாலிஸ்பரி பாலம், முகடு, சுரங்கம், பென்சில்வேனியாவையும் மேரிலாந்தையும் பிரிக்கும் மேசன்–டிக்சன் எல்லைக்கோடு ஆகியவை அடுத்தடுத்து வரும். சுரங்கத்துக்குள் விளக்கு உண்டு என்றாலும் கோடையிலும் குளிரும்; எனவே மேல்சட்டையைப் பையின் அடியில் திணித்துவிடாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்திப் பிடிக்காமல், விட்டுவிட்டுப் பிடியுங்கள். கம்பர்லாண்டுக்கு அருகில் பாதையை ஒட்டியே சுற்றுலா ரயில் ஒன்று ஓடுகிறது. பிரஷ் சுரங்கத்தை அதுவும் பயன்படுத்துவதால், ரயில் வரும் ஓசை கேட்டால் சுரங்கத்துக்கு வெளியே காத்திருப்பதே முறை.

கம்பர்லாண்டில் உணவையும் டயர்களையும் செயினையும் சரிபார்த்துக்கொண்டு புறப்படுங்கள். அடுத்து ஹான்காக் ஊர் வரையுள்ள 97 கி.மீ. தூரத்தில் கடைகள் மிகக் குறைவு. சைவ உணவு உண்பவர்கள் வழியிலுள்ள சிற்றூர் உணவகங்களை நம்பியிருப்பது கடினம். ஒரு வேளைக்கான அவலும் கடலை மிட்டாயும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கால்வாய்ப் பகுதியில் தரை மாறுவதோடு, இறங்கும் விதமும் மாறுகிறது. ரயிலைப் போலப் படகு சரிவில் செல்லாது; அதற்குச் சமநீர் வேண்டும். ஆகவே 184 மீட்டர் இறக்கத்தை 74 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் இருபுறமும் கதவுள்ள கல்தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். படகு தொட்டிக்குள் வந்ததும் கதவை மூடி நீரை வடியவிட்டால், அது ஏறத்தாழ இரண்டரை மீட்டர் கீழே இறங்கி அடுத்த மட்டத்தில் வெளியேறும். மிதிவண்டியில் செல்லும் நமக்கு இது நீண்ட சமதளமாகவும், தொட்டிகளுக்கு அருகில் மட்டும் திடீரென்று வரும் சிறு சரிவாகவும் தெரிகிறது. ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் கால்வாய் தொட்டிப்பாலத்தின் வழியே கடந்தது. இத்தகைய பாலங்கள் 11 உண்டு. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நீர் மட்டுமே செல்கிறது. இங்கே நீரோடு சரக்குப் படகும் ஆற்றுக்கு மேலே சென்றது. ஏழு வளைவுகள் கொண்ட மொனோகசி தொட்டிப்பாலத்தில் இறங்கி நின்று பார்க்காமல் போய்விடாதீர்கள்.

இந்தப் பகுதியின் சிகரம் பாவ்பாவ் சுரங்கம்தான். 1836இல் தொடங்கி 1850இல் முடிந்த 950 மீட்டர் நீளச் செங்கல் குகை இது. உள்ளே விளக்கு கிடையாது. தரை மேடுபள்ளமாகவும் ஈரமாகவும் இருக்கும். முன்விளக்கை எரியவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். பாதி தூரத்தில் நின்று, பாதையோரக் கைப்பிடி மரத்தின்மேல் விளக்கைக் காட்டுங்கள். படகுக் கயிறுகள் உராய்ந்து உராய்ந்து ஏற்பட்ட தழும்புகள், விரலை வைத்துப் பார்க்கும் அளவு ஆழத்தில் பதிந்திருக்கின்றன.

இரவு தங்கக் கால்வாயோரத்தில் சில மைல்களுக்கு ஒன்றாக இலவச முகாம்கள் உள்ளன. நீர்க்குழாய், கழிப்பிடம், மேசை, தீமூட்டும் வளையம் ஆகியவற்றோடு ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம், முன்பதிவு கிடையாது. கைப்பம்பு நீரில் அயோடின் கலப்பதால் வாசனை வரும். அதை விரும்பாதவர்கள் ஊர்களிலேயே நிரப்பிக்கொள்ளலாம். சில பம்புகள் பழுதாகியும் இருக்கும் என்பதால் மூன்று லிட்டர் நீர் கையிருப்பில் இருக்க வேண்டும். மூன்று இலைகள் சேர்ந்து வளரும் பாய்ஸன் ஐவி கொடி கரையெங்கும் உண்டு; உடலில் பட்டால் கடும் அரிப்பு வரும். உண்ணி கடித்தால் லைம் நோய் வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு மாலையும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதை ஒருநாளும் விடாதீர்கள். வெள்ளத்துக்குப் பின் பாதையின் சில பகுதிகள் மூடப்படலாம் என்பதால், புறப்படுமுன் தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கரையில் இன்று வாகனம் ஓடாததற்கு நாம் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கால்வாயை ஒட்டி நெடுஞ்சாலை போடும் திட்டத்தை எதிர்த்து, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954 மார்ச்சில் கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டன் வரை நடந்தே சென்றார். 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

திரும்புவதற்கு வாஷிங்டனையும் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாண்ட் வழியாக இணைக்கும் ஆம்டிராக் ரயில் இருக்கிறது. மிதிவண்டிக்கான இடங்கள் சிலவே என்பதால், உங்கள் இருக்கையோடு வண்டிக்கும் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கடைசி நாளை வார நாளாக வைத்துக்கொள்வது நல்லது. கிரேட் ஃபால்ஸ் அருவியிலிருந்து ஜார்ஜ்டவுன் வரையுள்ள 23 கி.மீ. வார இறுதியில் நடப்பவர்களாலும் குழந்தைகளாலும் நிறைந்திருக்கும். மணியடித்து, குரல் கொடுத்து, மெதுவாகக் கடக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் பாதை முடிந்துவிட்டது போலத் தோன்றும் இடத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். ராக் கிரீக் ஓடை பொட்டோமாக்கில் கலக்கும் முனைக்கு, தாம்சன் படகுக் கூடத்தின் பின்புறமாகச் செல்லுங்கள். பூஜ்ய மைல் கல் அங்கே நீரோரமாக நிற்கிறது.