மீதிக்குப் புதுப் பட்டை கீறாதீர்கள்

எங்கள் ரியூசனுக்குப் புதிதாகப் படிப்பிக்க வந்த இரண்டு பேரின் வகுப்பைக் கடந்த கிழமை கடைசி வாங்கிலில் இருந்து பார்த்தேன். இரண்டு பேரும் கெட்டிக்காரர். ஆனால் வசனக் கணக்குக்குப் பட்டை கீறிக் காட்டும்போது, படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் நான் விட்ட அதே பிழைகளை அச்சொட்டாக விட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டலில் தவறுவது, அலகு போட மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை, அவற்றைப் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள்.

இது சலாகை வரைபு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சலாகை வரைபு தரவைக் காட்டும். நீளப் பெட்டியாகக் கீறும் இந்தப் பட்டை, கணக்கில் எது முழுது, எது பகுதி, எது தெரியாதது என்று காட்டும். 1980களில் சிங்கப்பூரின் ஆரம்பப் பாடசாலைகளுக்காக உருவாக்கிய முறை. நாடுகளின் பிள்ளைகளைக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஒப்பிடும் டிம்ஸ் (TIMSS) ஆய்வில், 1995இல், அந்த நாட்டுப் பிள்ளைகள் கணிதத்தில் முதலிடம் வந்த பிறகு வெளியிலும் பெயர் பரவியது. இங்கேயும் புலமைப்பரிசில் எடுக்கும் பிள்ளைகளின் அம்மாமார் யூடியூப்பில் பார்த்துவிட்டு "சிங்கப்பூர்க் கணக்குப் படிப்பிப்பீங்களோ ரீச்சர்?" என்று கேட்கிறார்கள். படிப்பிக்கலாம். ஆனால் அங்கே முதலில் பிள்ளையின் கையில் பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண். நாங்கள் நடுவில் உள்ள படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

விடை கண்ட பிறகு கீறுவது

அப்படியானால் கீறவே வேண்டாம்.

'கூட' என்றதும் கூட்டுவது

"அண்ணாவிடம் 24 கொய்யாப்பழம் உண்டு. அது தங்கச்சியிடம் உள்ளதை விட 8 கூட. தங்கச்சியிடம் எத்தனை?" பாதி வகுப்பு 32 என்று எழுதும். எங்கள் தமிழில் 'கூட'வும் 'கூட்டு'வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எண்ணைத் தொட முதல் "யாருடைய பட்டை நீளம்?" என்று மட்டும் கேளுங்கள். 'விட'வுக்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவருடைய பட்டையை முதலில் கீற வேண்டும். தங்கச்சியின் பட்டை, அதன் கீழே அதே நீளமும் இன்னும் 8உம் சேர்ந்த அண்ணாவின் பட்டை. அண்ணாவின் முழுப் பட்டையும் 24. 16 தானாகத் தெரியும்.

மீதியை முழுதின் நீளத்துக்குக் கீறுவது

இதுதான் எனக்கு இன்னும் பொறுக்காதது.

கணக்கு இப்படி: ஒரு கமக்காரர் தன்னுடைய வெங்காயத்தில் 1/3 ஐச் சுன்னாகம் சந்தையில் விற்றார். மீதியில் 1/4 ஐத் திருநெல்வேலியில் விற்றார். இப்போது 45 கிலோ இருக்கிறது. தொடக்கத்தில் எவ்வளவு?

படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் நான் கரும்பலகையில் ஒரு பட்டை கீறி மூன்றாகப் பிரித்தேன். ஒன்றை வெட்டிவிட்டேன். பிறகு, பிள்ளைகளுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று கீழே இன்னொரு பட்டை கீறி, "இது மீதி" என்று சொல்லி நாலாகப் பிரித்தேன். அதுவும் மேலே உள்ளதன் அதே நீளம். அடுத்த நாள் வீட்டுவேலையில் இதே மாதிரி ஒரு கணக்குக் கொடுத்தேன், வகுப்பில் பலர் மீதியை முழுதென்று எழுதியிருந்தார்கள். வெங்காயக் கணக்கென்றால் மூன்று பங்கு 45, ஒரு பங்கு 15, நாலு பங்கு 60, விடை 60 என்று நிறுத்துவது போல. சிவப்புப் பேனையால் பிழை போட்டுக்கொண்டு போனேன். ஒரு சின்னப் பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து, "ரீச்சர், நீங்கள்தானே ரெண்டையும் ஒரே நீளமாக் கீறினனீங்கள்?" என்று கேட்டது. பிள்ளை நான் கீறியதைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. பிழை கரும்பலகையில் இருந்தது, புள்ளி குறைந்தது கொப்பியில்.

போன கிழமை அந்தப் புதியவர்களின் கரும்பலகையிலும் அதே இரண்டு பட்டை, அதே நீளம்.

இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்காது, அதுதான் ஆபத்து. 60 முழு எண், அழகாக வருகிறது. 'மீதியில்' என்ற சொல்லைக் கவனிக்காமல் 1/3 ஐயும் 1/4 ஐயும் கூட்டுகிற பிள்ளைக்கு 7/12 வரும், மிச்சம் 5/12, அதிலிருந்து 108 வரும், அதுவும் முழு எண். பின்னம் சிக்கலாக வந்தால் பிள்ளை சந்தேகப்படும், இப்படிச் சுத்தமாக வந்தால் ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது?

சரி, எப்படிக் கீறுவது? புதுப் பட்டை வேண்டாம், அதே பட்டைக்குள்ளேயே வெட்டுங்கள். விற்றது ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு. மீதியை நாலாக்க வேண்டும், ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டுங்கள். விற்ற பங்கையும் வெட்ட வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள், மறந்தால் ஐந்து பங்கு என்று எண்ணி 75 சொல்வார்கள். ஆறு சம பங்கு, இரண்டு சுன்னாகம், ஒன்று திருநெல்வேலி, மிச்சம் மூன்று. மூன்று பங்கு 45 என்றால் ஒரு பங்கு 15, முழுது 90. திரும்பப் போட்டுப் பாருங்கள்: 90இல் 30 போனால் 60, அதில் 15 போனால் 45.

கட்டாயம் இரண்டாவது பட்டை வேண்டுமென்றால், மேலே மீதி தொடங்கும் இடத்திலிருந்தும் முடியும் இடத்திலிருந்தும் நேராகக் கோடு இறக்கி, அந்த அகலத்துக்குள் மட்டும் கீறுங்கள்.

நான் இப்போது கரும்பலகைக்குப் போக முதல் பழைய கலண்டர் தாளைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கொடுக்கிறேன். மூன்றாக மடித்து ஒன்றைக் கிழித்து ஒரு பக்கம் வைக்க வேண்டும், கையில் இருப்பதை மட்டும் நாலாக மடிக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன மடிப்பைக் கிழித்த துண்டுக்கு மேல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதில் பாதிதான் வரும். "அப்ப அதையும் ரெண்டா மடிக்கோணும்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை.

அடிமட்டம்

வேண்டாம். கையால் கீறினால் போதும், சமமானது சமமாகவும் நீண்டது நீளமாகவும் தெரிந்தால் சரி.

45க்கு 45 பெட்டி

நேரம் காணாது. ஒரு பெட்டிக்குள் 45 என்று எழுதப் பழக்குங்கள்.

கேள்விக்குறி இல்லாத படம்

கேட்ட இடத்தில் '?' போடாவிட்டால், பிள்ளை 15ஐக் கண்டதும் பென்சிலை வைத்துவிடும்.