பின்பலகைக் கசிவு: அடைக்கத் தொடங்குமுன் நேரும் தவறுகள்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளிக் கரையோரம் நீரில் நிற்கும் ஒரு கண்ணாடியிழைப் படகின் உள் அடியில் நாள்தோறும் அரை வாளித் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. உரிமையாளர் வடிகால் தக்கையை இரண்டு முறை மாற்றினார், அதைச் சுற்றி சிலிக்கன் பூசினார், பிறகு எஞ்சின் போல்ட்டுகளை மேலும் இறுக்கினார். தண்ணீர் குறையவில்லை. மீன் தேடும் கருவியின் உணரியைப் பொருத்துவதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிய இரண்டு சிறிய திருகாணிகளே காரணம் என்பது தெரியவந்தபோது, அவற்றைச் சுற்றி, எஞ்சினைத் தாங்கும் பின்சுவரான பின்பலகையின் உள்மரம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, விரலால் அழுத்தினால் நீர் கசியுமளவுக்கு ஊறிப்போயிருந்தது. அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து, கசியும் இடம் தெரியாமல் அடைக்கும் பசையைக் கையில் எடுக்க வேண்டாம் என்று எவர் கேட்டாலும் சொல்லி வருகிறேன்.

எஞ்சின் பூட்டும் பின்பலகை, பார்வைக்கு ஒரே சுவராகத் தெரிந்தாலும், பெரும்பாலான படகுகளில் இரண்டு கண்ணாடியிழைத் தோல்களும் அவற்றுக்கு நடுவே ஒட்டுப்பலகையும் சேர்ந்த அடுக்கு. வெளித்தோலில் உள்ள துளை வழியாக நுழையும் நீர் மரத்துக்குள்ளேயே ஊர்ந்து சென்று, உள்தோலில் வேறொரு பலவீனமான இடத்தில் வெளிப்படுகிறது. எனவே உள்ளே ஈரம் தெரியும் இடம் கசிவு வெளியேறும் வாய் மட்டுமே, அது நுழையும் வாயாக இருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை உள்ளிருந்து அடைத்துவிட்டால் படகு சில வாரங்கள் உலர்ந்திருப்பதுபோலத் தோன்றும். ஆனால் நுழைந்த நீர் வெளியேற வழியின்றி மரத்திலேயே தங்கிவிடும். நான் பார்த்த தவறுகளில் மிகவும் கேடு விளைவிப்பது இதுதான்.

தண்ணீர் எப்போது சேருகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. நங்கூரமிட்டு நிற்கும்போதே சேர்ந்தால் தக்கை, உணரித் திருகாணி, நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வெடிப்பு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது, குறிப்பாக வேகத்தைச் சட்டென்று குறைத்தவுடன் பின்னாலிருந்து வரும் அலை பலகையில் ஏறும்போது சேர்ந்தால், எஞ்சின் போல்ட்டுகளையும், எஞ்சினுக்கு முன்னுள்ள, ஏறிவரும் அலைநீரைப் பிடிக்கும் தொட்டியின் வடிகுழாயையும், கேபிள்கள் நுழையும் துளையையும் பார்க்க வேண்டும். ஓடாமல் கரையில் கிடந்தபோது சேர்ந்திருந்தால் அது மழைநீர். எண்ணெய்ப் படலம் இல்லாத நீரானால் ஒரு விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்தாலே கடல்நீரா நன்னீரா என்பது தெரிந்துவிடும். ஐஸ் பெட்டியிலிருந்து வடிந்த நீரைக் கசிவென்று எண்ணிப் பலகையையே உடைக்கவிருந்த ஒருவரை இந்தச் சிறு சோதனை தடுத்தது. தானியங்கி பம்ப் உள்ள படகில் கசிவின் அளவே தெரியாமல் போவதால், சோதனை நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டும்.

கடலில் இறக்கித் தேடுவதைவிடக் கரையில் தேடுவது எளிது. படகை மணலில் நன்றாகக் கிடத்தி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்பலகையின் வெளிப்பக்கம் தெரியுமளவுக்கு மணலை வாரிவிட்டு, வெளிமுகத்தைத் துணியால் துடைத்து உலர்த்திப் பவுடர் தூவ வேண்டும். பிறகு தக்கையை மூடி, துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்த நன்னீரை உள்ளே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீர்மட்டம் ஒவ்வொரு போல்ட்டையும் திருகாணியையும் எட்டும்போது சற்றுப் பொறுத்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் நீலக் கோடொன்று தானாக இறங்கி வரும். நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் வெவ்வேறாக இருந்தாலும், இந்தச் சோதனையில் அது பாதையை எதிர்த்திசையில் நடந்து காட்டுகிறது. 200 லீட்டர் தண்ணீர் 200 கிலோ என்பதை மறந்து, இழுவண்டியின் மேல் வைத்தே இதைச் செய்வது அடிப்பகுதிக்கு ஆபத்தானது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள இடங்களை ரப்பர் குழாயால் வெளியிலிருந்து நனைத்துப் பார்க்கலாம். அப்போது கீழிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும், ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்த நீர் எல்லாவற்றையும் நனைத்துவிட, எது கசிந்தது என்பதே புரியாது.

இடம் தெரிந்த பிறகும் மரத்தின் நிலையைப் பார்க்காமல் அடைப்பது தவறு. திருப்புளியின் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும் ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். எஞ்சினைப் பாதி உயர்த்தி, நீரில் இறங்கும் அதன் கீழ்ப்பகுதியை மெல்ல அழுத்தும்போது பலகை அசைந்தால், அது வெறும் கசிவு அன்று. ஐயம் தீராவிட்டால் உட்பக்கத்திலிருந்து ஒரு சிறு துளை போட்டு, துரப்பணத்தில் வரும் சீவலைப் பார்க்கலாம். வெளிறிய உலர்ந்த துகளானால் கவலையில்லை. கறுத்துப் புளித்த வாடையுடன் களிபோல வந்தால், எந்தப் பசையும் அந்தப் படகைக் காப்பாற்றாது, அந்தப் பகுதி மரத்தை வெட்டி எடுத்துப் புதிதாக இடத்தான் வேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு, எடை கூடிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பூட்டுவோர் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக்கூடாது.

அடைக்கும் பொருளைப் பொறுத்தவரை, கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் குளியலறைச் சிலிக்கனை வாங்குவதே பொதுவான பிழை. நீருக்கடியில் அதன் பிடி நீடிப்பதில்லை. அதைவிட, அது விட்டுச்செல்லும் படலத்தின் மேல் பின்னர் பூசும் பெயின்ட்டோ, கண்ணாடியிழையை இறுக்கும் ரெசினோ ஒட்டாது. படகுக்கான பொலியூரித்தேன் பசையே இங்கு ஏற்றது. அதிலும் 3எம் 5200 போன்றவை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்பவை என்பதால், பிறகு கழற்ற வேண்டியிருக்கும் உறுப்புகளுக்கு அவற்றைப் பயன்படுத்தினால் உறுப்போடு தோலும் உரிந்துவரும். வழக்கமான 5200 முழுமையாக இறுக 5 முதல் 7 நாட்கள் ஆகும். அடுத்த நாள் விடியலில் தொழிலுக்குப் போகும் அவசரத்தில் இருப்போருக்கு அது ஒத்துவராது.

போல்ட்டை இறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பசை பூசியவுடன் முழு வலுவுடன் இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியேறி, உலோகமும் தோலும் நேராக உரசுகின்றன. மரம் மெத்தென்று இருந்தால் நசுங்கவும் செய்யும். பசை விளிம்பில் எட்டிப் பார்க்கும் அளவில் நிறுத்தி, அது இறுகிய பிறகு, போல்ட்டின் தலையைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சற்றுத் திருப்ப வேண்டும். நீண்ட காலம் நிற்கும் வேலை செய்ய விரும்புவோர், துளையைத் தேவைக்கு மேல் பெரிதாக்கி, கெட்டியான எபொக்சியால் (ரெசினும் ஹார்ட்னர் என்னும் இறுக்கியும் கலந்து இறுகும் பசை) நிரப்பி, அது இறுகியபின் நடுவில் போல்ட்டின் அளவுக்கு மீண்டும் துளையிட வேண்டும். அதன்பின் பசை தோற்றாலும் நீருக்கு மரம் அகப்படாது. உணரியை நேரே பலகையில் திருகாமல், எபொக்சியால் ஒட்டிய ஒரு சிறு தாங்குபலகைத் துண்டின் மேல் திருகினால் நான் மேலே சொன்ன படகின் கதை நேராது.

ஈர மரத்தின் மேல் ரெசின் பூசுவது எந்தக் காலத்திலும் பலன் தராது. நமது கரையோரக் காற்றில், திறந்துவிட்ட மரம் காய்வதற்குக் கூரையின் கீழ் வாரக்கணக்கில் விட வேண்டும். விரைவில் இறுக வேண்டும் என்று எபொக்சிக்கு ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுவதும் நடக்கிறது. அதன் விகிதம் மாறினால் அது கடைசிவரை சரியாக இறுகாது. திருகோணமலை வெயிலில் பிரச்சினை எதிர்மாறானது, ஒரு பெரிய கோப்பையில் கலக்கினால் பூசி முடிக்குமுன்பே சூடேறிக் கட்டியாகிவிடும். விடியற்காலையில், சிறு சிறு அளவாகக் கலந்து வேலை செய்வதே நன்று.

பின்பலகைக்கு மிகப் பெரிய எதிரி கடல்நீர் என்று எண்ணுவதும் ஒரு பிழை. உப்பு மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சையை ஓரளவு தடுக்கிறது, அதனால் மழைநீரே மரத்தை வேகமாக அழிக்கிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை பெய்யும் மாதங்களில் கரையில் ஏற்றப்படும் படகுகளில், தக்கையைக் கழற்றி வைத்தும் துளையில் மணலும் இலையும் அடைத்துக்கொள்வதால் தண்ணீர் தேங்கி, எவரும் பார்க்காமலே பின்பலகை ஊறுகிறது. முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்கத்தின் கீழே மணல் சேராதபடி கட்டை கொடுத்து, போல்ட் துளைகளை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு வடிகால் துளையில் ஒரு ஈர்க்குக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்.