போனின் பெயரை நம்பாமல் மாடல் நம்பரைப் பாருங்கள்

லண்டனில் இருந்து வந்த சித்தப்பா கொடுத்த பழைய போனின் கண்ணாடி உடைந்துவிட்டது. முதுகில் 'ஆரஞ்ச் சான் பிரான்சிஸ்கோ' என்று இருந்தது. ஹட்டனில் ஏறி இறங்கிய கடையெல்லாம் "அப்படி ஒரு போனே இல்லை" என்றார்கள். கடைசியில் ஒரு பையன் பெற்றரியைக் கழற்றி, அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தான். அது இசட்டிஇ என்ற கம்பனியின் 'பிளேட்' போன்!

ஆரஞ்ச் போன்ற வெளிநாட்டு நெட்வொர்க் நிறுவனங்கள் இப்படிச் செய்வது வழக்கம். போன்களை மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி, ஒப்பந்தத்தோடு விலை குறைத்துக் கொடுப்பார்கள். பெயர் வேறானால் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடுவதும் கஷ்டம். (கெட்டிக்காரர்கள்தான்.) ஜப்பானில் எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் என்ற ஒரே போனை மூன்று நிறுவனங்கள் எஸ்ஓ-01ஜே, எஸ்ஓவி34, 601எஸ்ஓ என்று விற்றன.

அதனால் கவர், டிஸ்ப்ளே எது தேடினாலும் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் உள்ள மாடல் நம்பரை வைத்துத் தேடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதென்றால் காசு கொடுக்கும் முன் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட போன்கள் பல, அந்த நெட்வொர்க்குக்கே லொக் ஆகியிருக்கும். லொக் இல்லாவிட்டாலும் இங்குள்ள அலைவரிசை எல்லாம் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. டவுனில் நாலு கோடு காட்டும், தோட்டத்து லயத்துக்கு வந்தால் ஒன்றுமே இருக்காது. அப்புறம் *#06# அழுத்தி, வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.