போரில் காணாமல் போன விமானப்படைக்காரர் பெயரை நினைவுச் சின்னத்தில் சேர்ப்பது எப்படி? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பாட்டியின் தம்பி இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப்படையில் தரைப்பணியாளராக இருந்தவர். 1945 மழைக்காலத்தில் பர்மாவுக்கு மேல் போன ஒரு டகோட்டா விமானத்தில் பயணியாக ஏறியவர், திரும்பவே இல்லை. விமானத்தை ஓட்டியவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் இருந்தன. இவர் பெயர் மட்டும் எங்குமே இல்லை. இப்போது பட்டியலில் ஏறிவிட்டது. தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை பல வீடுகளில் இப்படி ஒரு பெயர் பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த நினைவுச் சின்னம் என்று முதலில் தெளிவாகட்டும்

டெல்லி இந்தியா கேட்டில் இருப்பவை முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கான் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள். 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகம் சுதந்திரத்துக்குப் பிறகு உயிரிழந்தவர்களுக்கானது. நம் ஆட்கள் இரண்டிலும் வரமாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியப் படையினரின் பெயர்களைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917இல் தொடங்கிய அமைப்பு, தலைமையகம் இங்கிலாந்தில்.

பர்மாவில் இறந்தவர் என்றால் ரங்கூன் நினைவுச் சின்னத்தில்தான் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தரைப்படைக்கானது. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் காணாமல் போய், உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் இருக்கின்றன. 1957இல் திறந்த அந்தச் சின்னத்தின் தூண்களில் தரைப்படையும் விமானப்படையுமாக 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஐரோப்பாவில் காணாமல் போனவர் என்றால் இங்கிலாந்தின் ரன்னிமீடு. பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் பிரிவிலிருந்து உளவுப் பணிக்குப் போன நூர் இனாயத் கானின் பெயர் இருப்பது அங்கேதான். பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர் பலரை டெல்லியிலும் கராச்சியிலும் உள்ள நினைவேடுகளில் சேர்த்திருக்கிறார்கள்.

தகுதி

1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்தத் தேதிகளுக்குள் படைப்பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் போதும். எப்படி இறந்தார் என்பது பொருட்டில்லை. முகாமில் மலேரியா வந்து இறந்தவரும், லாரி விபத்தில் இறந்தவரும் சண்டையில் இறந்தவருக்குச் சமம்தான். பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு வீட்டுக்கு வந்த பிறகு இறந்திருந்தால் மட்டும், படைப்பணியால் வந்த நோயோ காயமோதான் காரணம் என்று காட்ட வேண்டும்.

"அவன் சண்டையில சாகலியே" என்று சொல்லி ஒதுங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து ஒதுங்காதீர்கள்.

ஏற்கெனவே இருக்கிறாரா என்று பாருங்கள்

ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் பக்கம் இலவசம். பெயரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் பெயர்களுக்கு அப்பா பெயர் ஒன்று, வீட்டுப்பெயர் ஒன்று, ஊர்ப்பெயர் ஒன்று. அன்றைய எழுத்தர் இவற்றில் எதைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார் என்பது அவருக்கே வெளிச்சம். 'ஞா' என்று தொடங்கும் பெயரை ஆங்கிலத்தில் ஜி-என் என்றும், ஜே-என் என்றும், வெறும் என் என்றும் எழுதியிருப்பார்கள். எல்லா விதத்திலும் தேடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப்பெயர் இருக்கும் இடத்தில் போட்டும் தேடுங்கள்.

இன்னும் நல்ல வழி, விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்ற கட்டத்தைப் பயன்படுத்துவது. பெற்றோர் பெயரும் ஊரும் அதில்தான் இருக்கும். அங்கே கன்னியாகுமரி என்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். போர்க்காலத்தில் நாம் திருவிதாங்கூர். அதனால் திருவிதாங்கூரின் ஆங்கிலப் பெயரைப் போட்டு, படை என்ற இடத்தில் இந்தியாவையும் விமானப்படையையும் தேர்ந்தெடுங்கள். 'ராயல் இந்திய விமானப்படை' என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 'ராயல்' என்ற அடைமொழி 1945இல் வந்தது, படை அதேதான். இங்கிலாந்தின் ராயல் விமானப்படையில் நேரடியாகச் சேர்ந்தவர் என்றால் அதையும் தனியாகத் தேட வேண்டும்.

தேடி வந்தவர்களில் சிலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிட்டது. பெயர் முன்பே தூணில் இருந்திருக்கிறது, வீட்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

படை எண்ணைப் பிடியுங்கள்

இல்லை என்று உறுதியானால் அடுத்து மச்சில் இருக்கும் டிரங்குப் பெட்டி. பெயரை நம்பி மேலே போக முடியாது. எல்லாக் காகிதங்களையும் ஒன்றோடொன்று கட்டுவது படை எண் மட்டும்தான். குடும்ப ஓய்வூதிய உத்தரவு, மணியார்டர் துண்டு, பழைய கடித உறையின் மூலை, எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம்.

காகிதம் எதுவும் இல்லையென்றால் பதக்கத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் பதக்கங்களில் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயர் இருக்காது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வட்டப் பதக்கத்தில் விளிம்பில், நட்சத்திரப் பதக்கத்தில் பின்பக்கத்தில். எங்கள் வீட்டில் இருந்த வட்டப் பதக்கத்தின் விளிம்பு கறுத்துப் போய், வெறும் கண்ணுக்கு ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை விளிம்பின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். கடைசி இரண்டு இலக்கம் தெளியாவிட்டால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து ஆழம் குறைவு. ஒரு தடவை தேய்த்தாலே மழுங்கும்.

தேதி: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காணாமல் போன விமானப்படைக்காரருக்கு ஒரு சாவுத் தேதி இல்லை, மூன்று உண்டு. விமானம் காணாமல் போன நாள், வீட்டுக்குத் தந்தி வந்த நாள், இறந்ததாகக் கருதலாம் என்று அரசு முடிவு செய்த நாள். முதலில் 'காணவில்லை' என்றுதான் அறிவிப்பார்கள். பல மாதம், சாதாரணமாக ஆறு மாதம் கழித்துத்தான் இறந்ததாகக் கொள்வார்கள். வீடு நினைவில் வைத்திருப்பது தந்தி வந்த நாளை. ஓய்வூதியக் காகிதத்தில் மூன்றாவது தேதி இருக்கலாம். ஆணையத்தின் பட்டியலில் ஏறுவதோ பொதுவாக முதல் தேதி.

இதோடு, திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். எங்கள் குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் '1121 ஆவணி' என்று மையால் எழுதியிருந்தது. படை ஆவணப்படி விமானம் போனது, கொல்லம் கணக்கில் 1120 ஆனி. பார்த்தால் ஓராண்டு வித்தியாசம் மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு மாதம்தான். திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு ஆவணி ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825. அப்படிப் பார்த்தால் இரண்டுமே 1945தான். போர் முடிந்த பிறகு வந்து சேர்ந்த தந்தி அது. பாட்டி சாகும்வரை ஆவணியில்தான் ஜெபம் வைத்தார்.

விண்ணப்பத்தில் மூன்று தேதிகளையும் எழுதி, எது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது, ஏன் வேறுபடுகிறது என்று இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். விளக்கம் இல்லாமல் மூன்று தேதி போனால், இரண்டு வேறு ஆட்களைக் குழப்பிவிட்டார்கள் என்று படிப்பவர் நினைக்க இடம் உண்டு.

ஆதாரம் சேர்ப்பது

இரண்டு பக்கமிருந்து வர வேண்டும். ஒன்று ஆளைப் பற்றியது, இன்னொன்று விமானத்தைப் பற்றியது.

ஆளைப் பற்றிய பணிப்பதிவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். இது புதுடெல்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கிறது. இணையவழியிலேயே போடலாம், கட்டணம் 10 ரூபாய். படை எண், பெயரின் எல்லா வடிவங்கள், சேர்ந்த ஆண்டு, அப்பா பெயர் கொடுங்கள். 'எல்லா விவரமும் வேண்டும்' என்று கேட்காமல், பணி முடிந்த தேதியையும் அதன் காரணத்தையும் காட்டும் பக்கத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதில் சட்டத்தின் 8(3) பிரிவைச் சொல்லுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்குச் சில விலக்குகள் தவிர மற்றவை பொருந்தாது; தனிநபர் தகவல் என்ற விலக்கு அந்தச் சிலவற்றில் இல்லை.

விமானத்தைப் பற்றியது லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில். 'ஏர் 27' என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின், அதாவது விமானப் படைப்பிரிவுகளின், நடவடிக்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. படிவம் 540 அன்றாட நிகழ்ச்சிச் சுருக்கம், 541 ஒவ்வொரு பறப்பின் விவரம். பர்மாவில் டகோட்டா ஓட்டிய 31, 194 போன்ற ஸ்குவாட்ரன்களின் ஏடுகளும் இதில் அடக்கம். நம் ஆள் பயணியாகப் போனவர் என்றால் படிவத்தில் ஓட்டியவர்கள் பெயர் மட்டும் இருந்து, மற்றவர்களை 'பயணிகள்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். மனம் விட்டுவிடாதீர்கள். பணிப்பதிவில் உள்ள தேதியும் இந்தப் படிவத்தில் உள்ள தேதியும் வழித்தடமும் பொருந்தினால், இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

தாசில்தார் அலுவலகத்தில் தாமதமாக இறப்புச் சான்று வாங்க அலைவது வீண் என்பது என் கருத்து. இன்று எழுதும் சான்றில் இருப்பது நாம் இன்று சொல்லும் வார்த்தைதான். ஆணையம் கேட்பது போர்க்காலத்து ஆவணம். திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்துக்கும் இதற்காக ஓட வேண்டாம். திருவிதாங்கூர் அரசுப் படையில் இருந்தவர் என்றால் போகலாம். விமானப்படை சமஸ்தானத்தின் கீழ் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் மட்டும் பெயரையும் அப்பா பெயரையும் உறுதிசெய்ய உதவும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன், கடிதம்

சாதாரணத் தட்டை ஸ்கேனர்தான் சிறந்தது. கைபேசியில் எடுத்தால் ஆவண ஸ்கேன் செயலிகள் வேண்டாம். பக்கத்தை வெளுப்பாக்குகிறேன் என்று மங்கிய முத்திரையை அழித்துவிடும். வெறும் கேமராவில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் படம் சுருங்கி எண்கள் கலங்கும்; மின்னஞ்சல் அல்லது கூகுள் டிரைவ் போதும். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பக்க எண் போட்டு, மலையாளத்திலோ தமிழிலோ உள்ள பக்கத்துக்கு எதிரே ஆங்கில மொழிபெயர்ப்பை வையுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பெயர், எண், பதவி, பிரிவு, தேதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பிடிஎஃப் பக்க எண். ஆணையத்தின் இணையதளத்தில் விடுபட்ட பெயர்களுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. அதன் வழியாக அனுப்புங்கள். முடிவு ஆணையம் மட்டும் எடுப்பதில்லை. உரிய படைத்துறை அதிகாரிகளின் ஒப்புதலும் வேண்டும், அதனால் மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். ஆங்கிலக் கடிதமும் ஆவணத் தேடலும் மலைப்பாக இருந்தால் 'இன் ஃபிரம் தி கோல்ட்' என்ற பிரிட்டிஷ் தன்னார்வக் குழு இந்த வேலையையே செய்துவருகிறது; அவர்களுக்கு எழுதிப் பார்க்கலாம்.

ஒப்புதல் வந்ததும் முதலில் இணையப் பட்டியலில் பெயர் ஏறும். கல்லில் ஏறுவது பிறகுதான், பெரும்பாலும் பின்சேர்க்கைப் பலகையில். பெயரின் எழுத்துக்கூட்டலை இணையத்தில் ஏறிய அன்றே சரிபாருங்கள். கல்லில் பொறித்த பிறகு மாற்றுவது பெரிய வேலை.

பிறகு சேர்த்தது

குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி பலமுறை வந்திருக்கிறது: "எங்க தாத்தா பிளேன்ல இல்ல, கப்பல்ல போனவர். அவருக்கும் இதே வழிதானா?" தேடும் பக்கமும் தேதி வரம்பும் அதேதான். வணிகக் கப்பலில் போனவர் என்றால், எதிரியின் தாக்குதலாலோ போர் காரணமாகவோ இறந்தார் என்று காட்ட வேண்டும். விமானப்படைக்குச் சொன்ன சலுகை அங்கே இல்லை. கடலில் மறைந்த இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் ஊழியர்களின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவேடுகளில் இருக்கின்றன. படை எண்ணுக்குப் பதில் அவர்களுக்குக் கப்பலின் பெயர்தான் பிடி, அதனால் முதலில் கப்பல் பெயரை வீட்டில் விசாரித்து வையுங்கள்.