வாங்கு பொத்தானில் சறுக்கும் இடங்கள்

பங்குச் சந்தை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் போய் உட்காரும் இடம் சார்ட். கேண்டில்ஸ்டிக், ஆர்எஸ்ஐ, மூவிங் ஆவரேஜ் என்று மாதக்கணக்கில் படிப்பார்கள். 'வாங்கு' பொத்தானைத் தட்டியதும் அந்த ஆர்டர் எங்கே போகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். ஆரம்பத்தில் பணம் கசிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை, பங்கு வணிகத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து விதி எளிமையானது. நல்ல விலை சொன்ன ஆர்டருக்கு முதலிடம். இருவர் ஒரே விலை சொன்னால், முன்னால் வந்தவருக்கு முதலிடம். ஆகவே திரையில் பெரிதாகத் தெரியும் விலை கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, அவ்வளவுதான். மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு மாதிரி அதை நினைத்துக்கொள்வது முதல் தவறு.

ஒரு சின்ன கம்பெனிப் பங்கு, திரையில் 101.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மார்க்கெட் ஆர்டரில், அதாவது விலை சொல்லாமல் கிடைக்கிற விலைக்கு, 500 பங்கு கேட்கிறீர்கள். விற்பவர்கள் பக்கம் 102 ரூபாய்க்கு 40 பங்கு, 102.50க்கு 60, 104க்கு 150, 107.50க்கு 250 நிற்கிறது. உங்கள் ஆர்டர் வரிசையாக எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேலே ஏறும். சராசரி 105.41 ரூபாய். திரையில் பார்த்த விலையைவிட 1,955 ரூபாய் அதிகம் கொடுத்தாயிற்று. யாரும் ஏமாற்றவில்லை. எந்த விலையில் எத்தனை பங்கு நிற்கிறது என்று காட்டும் மார்க்கெட் டெப்த், ஐந்து வரி, அங்கேயே இருந்தது, நாம் பார்க்கவில்லை. லிமிட் ஆர்டர் போட்டிருந்தால் நாம் சொன்ன விலைக்கு மேல் ஒரு பங்குகூட வந்திருக்காது.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து 650 கோடி ரூபாய்க்கு மேல் தவறான விற்பனை ஆர்டர்கள் போய்விட்டன. அந்த அளவுக்கு வாங்க ஆள் இல்லாமல், தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டி 15 சதவீதத்துக்கும் மேல் ஒரே மூச்சில் சரிந்து, வணிகமே கொஞ்ச நேரம் நின்றுபோனது.

விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைப்பது அடுத்த தவறு. 200 ரூபாய்க்கு வாங்கி, ட்ரிகர் 190 (இதைத் தொட்டதும் விற்பனை ஆர்டர் கிளம்பும்), லிமிட் 189.50 (இதற்குக் கீழே விற்காது) என்று போட்டிருக்கிறீர்கள். ராத்திரி கம்பெனியின் ரிசல்ட் மோசமாக வந்து, மறுநாள் காலை பங்கு 178ல் திறக்கிறது. ட்ரிகர் விழும், ஆனால் 189.50க்கு வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆர்டர் சும்மா நிற்கும், பங்கு கையிலேயே இருக்கும். இதில் இன்னொரு கூத்து: சாதாரண ஸ்டாப் லாஸ் அன்றைய நாளுக்கு மட்டும்தான். மாலை 3.30க்குச் சந்தை மூடியதும் ரத்தாகிவிடும். நேற்று போட்டது இன்றும் காவல் காக்கிறது என்று நம்பியவர்கள் நிறைய பேர்.

என் கதை இதைவிடக் கேவலம். வருடக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று வாங்கிய பங்கை, சிஎன்சி என்பதற்குப் பதில் எம்ஐஎஸ்ஸில் வாங்கித் தொலைத்தேன். சிஎன்சி டெலிவரி, பங்கு நம் கணக்குக்கு வந்து சேரும்; எம்ஐஎஸ் இன்ட்ராடே, அன்றே விற்று முடித்தாக வேண்டும். 3.20 வாக்கில் தரகு நிறுவனத்தின் சிஸ்டமே விற்றுவிட்டது, அதற்குத் தனிக் கட்டணம் வேறு. எல்லாம் அவர்கள் விதிப்படிதான்; பொத்தான் நிறத்தைப் பார்க்காதது என் தப்பு.

பங்கும் பணமும் கைமாறும் செட்டில்மென்ட்டைப் புரிந்துகொள்ளாமல் விற்பதும் சிக்கல். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளும் டி பிளஸ் 1: திங்கள் வாங்கினால் செவ்வாய்தான் டீமேட்டுக்கு, அதாவது பங்குகளை வைத்திருக்கும் உங்கள் கணக்குக்கு, வரும். வருவதற்கு முன்பே செவ்வாய் காலை விற்றுவிடலாம் என்று ஆப் காட்டும். உங்களுக்கு விற்றவர் பங்கைக் கொடுக்கத் தவறினால், நீங்கள் விற்ற ஆளுக்கு உங்களாலும் கொடுக்க முடியாது. அந்தப் பங்கைச் சந்தை ஏலத்தில் வாங்கிக் கொடுக்கும், விலை வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

'ப்ரோக்கரேஜ் ஜீரோ' விளம்பரத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. விற்கும்போது, எந்தெந்தக் கம்பெனிப் பங்கை விற்கிறீர்களோ அந்தந்தக் கம்பெனிக்கு ஒன்றாக, டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணம், பதினைந்து ரூபாய் வாக்கில். ஆயிரம் ரூபாய்ப் பங்கை விற்றால் அதிலேயே ஒன்றரை சதவீதம் காலி. அன்று மாலை மெயிலில் வரும், வியாபாரத்தின் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்தாலே பெரும்பாலானவை வரி வரியாகத் தெரியும். டிபி கட்டணத்தை மட்டும், தரகு நிறுவனத்தில் உங்கள் வரவு செலவைக் காட்டும் லெட்ஜரில் தேட வேண்டியிருக்கும்.

நிஜப் பணமில்லாமல் பழகும் பேப்பர் டிரேடிங் ஆப்களில் லாபம் பார்த்துவிட்டு, பங்கு விலையை வைத்து நடக்கும் ஒப்பந்த வணிகமான ஆப்ஷனுக்கு நேராகத் தாவுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆப்கள் பலவும் திரை விலையிலேயே ஆர்டர் நிறைவேறியதாகக் காட்டிவிடும். மேலே சொன்ன 105.41 கதை அங்கே நடக்காது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டும் சேர்ந்த எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வு சொல்கிறது. பழக வேண்டும் என்றால், நன்றாக விற்பனையாகும் ஒரு பெரிய கம்பெனியில் ஒரே ஒரு பங்கை லிமிட் ஆர்டரில் வாங்கி, டீமேட்டுக்கு வரும்வரை காத்திருந்து, விற்றுப் பாருங்கள். சில பத்து ரூபாய் செலவாகும். கான்ட்ராக்ட் நோட்டையும் லெட்ஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று தேடுங்கள்.